அப்பா குதிக்காத இருநூறு தடவை

ஆயர் ஈத்தாம்,
ஜூலை 22, செவ்வாய் இரவு.

அன்புள்ள யுகேன் அண்ணனுக்கு,

இதைப் பிரித்ததும் முதலில் உங்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். யாரிடமும் காட்டாதீர்கள் அண்ணே, கெஞ்சிக் கேட்கிறேன். உங்களோடு தங்கியிருக்கும் ஹைக்கல் அண்ணனிடம்கூட வேண்டாம். அவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே அவர் அம்மாவுக்குத் தெரியும், அவர் அம்மாவுக்குத் தெரிந்தால் மறுநாள் காலையில் நம் பாசாரில் மீன் வெட்டுகிறவர்வரை தெரியும். நாங்கள் இங்கே நலமாகத்தான் இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது, மாடி ஏறும்போது மட்டும் முனகுகிறார். நீங்களும் அந்த அடிலெய்டுக் குளிரில் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். என் கைப்பேசி அம்மாவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, பள்ளி இறுதி எஸ்.பி.எம். சோதனை முடியும்வரை தரமாட்டாராம், அதனால்தான் இந்தத் தாள். மாதா மாதம் அப்பா உங்களுக்கு எழுதும் கடிதத்துக்கு உறையின் மேல் ஆங்கிலத்தில் முகவரி எழுதி ஒட்டுவது என் வேலை என்று உங்களுக்குத் தெரியுமே, இந்த மாதக் கடிதம் இப்போது என் மேசையில் இருக்கிறது, அதன் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் இதையும் மடித்து வைத்து ஒட்டிவிடப் போகிறேன். அப்பா எழுதியதை நான் படிக்கவில்லை, ஆனால் என்ன எழுதியிருப்பார் என்று தெரியும், இந்த வாரம் அவருக்கு ஒரே ஒரு செய்திதான்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, வீரர் தினத்துக்கு, என் பள்ளிக்கூடத்தில் பேச அவரை அழைத்திருக்கிறார்கள். சோபாவும் சீட்டும் தைத்த குஷன் கடையை மூடிய இந்த இரண்டு வருடமும் அப்பா எப்படி இருந்தார் என்று நீங்கள் போன தீபாவளிக்கு வந்தபோது பார்த்தீர்கள். விரல்கள் மரத்துப்போய் ஊசி பிடிக்க முடியாது என்று ஆனதும் மனிதர் பாதி ஆகிவிட்டார், காலையில் பாசார், அப்புறம் கோப்பிக் கடை, அப்புறம் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டு அதன் எதிரிலேயே தூக்கம். அந்த அப்பா இப்போது ஐந்தரைக்கு எழுந்து நம் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடக்கிறார் அண்ணே. பட்டாளத்துத் தொப்பியைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்து முகம் பார்க்கும் கண்ணாடி முன்னால் வைத்துவைத்துப் பார்க்கிறார். பழைய கால்சட்டை இடுப்பில் ஏறவில்லை, அம்மா உட்கார்ந்து பின்பக்கம் ஒரு துண்டு சேர்த்துத் தைத்துக் கொடுத்தார். அப்பா பக்கத்திலேயே நின்று தையல் நெருக்கமாக இருக்க வேண்டும், இன்னும் நெருக்கமாக என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “இருவத்தோரு வருசம் பட்டாளத்துல இருந்த வயிறுன்னா நா நெருக்கமா தைப்பேன், இது ரெண்டு வருசம் ரொட்டி சானாய்ல இருந்த வயிறு, கொஞ்சம் லூசாத்தான் இருக்கணும்” என்றார். அப்பா கோபப்படவே இல்லை, சிரித்தார், சத்தமாகச் சிரித்தார், அடுத்த வீட்டு ஃபஸீலா அக்கா சன்னலைத் திறந்து என்னவென்று கேட்கும் அளவுக்கு. பிள்ளைகளுக்குப் பாராசூட் மடித்துக் காட்டப் போகிறாராம், அதற்காக நம் வீட்டுப் பெரிய படுக்கை விரிப்பு இரண்டைச் சேர்த்து, சுற்றிலும் நைலான் கயிறு கட்டி, ஒவ்வொரு சாயங்காலமும் ஹாலில் விரித்து மடித்துப் பழகுகிறார். நானும் அம்மாவும் சுவரோரமாக நண்டு மாதிரி நடந்துதான் சமையலறைக்குப் போகிறோம்.

இவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். போன மாதம் எங்கள் வரலாற்று ஆசிரியை ஹாஜரா டீச்சர், பட்டாளத்தில் இருந்த பெற்றோரைப் பற்றி அரைப்பக்கம் எழுதி ஒரு படமும் கொண்டுவரச் சொன்னார். நான் கை தூக்கி என் அப்பா பாராசூட் பிரிவில் இருந்தார் என்றேன். பின்வரிசையிலிருந்து இக்மல், “ஒங்கப்பா எங்க மாமா மோட்டருக்கு சீட்டு தச்சவருதானே, பட்டாளத்துலயும் சீட்டுதான் தச்சாரா?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கெட்டவன் இல்லை, எதற்கெடுத்தாலும் ஒன்று சொல்லிச் சிரிக்க வைப்பான், மறுநாள் என்னிடம் பேனா கடன் கேட்டான். ஆனால் எனக்கு அன்றைக்கு முகமெல்லாம் எரிந்தது. வீட்டுக்கு வந்து அரைப்பக்கம் எழுதினேன். அப்பா வானத்திலிருந்து இருநூறு தடவை குதித்தவர் என்று எழுதினேன். அப்பாவின் வேலை குதிப்பது இல்லை, குதிப்பவர்களுக்குப் பாராசூட்டை மடித்துக் கட்டிக் கொடுப்பது என்று எனக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தேதான் எழுதினேன். படத்துக்கு, அலமாரி ஆல்பத்தில் ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வயல்வெளியில் இறங்குவாரே, அதை எடுத்துக் கொடுத்தேன். அது அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த முஸ்தஃபா மாமா. ஹெல்மெட்டில் பாதி முகம் மறைந்திருப்பதால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். ஏதோ வகுப்புச் சுவரில் ஒட்டுவார்கள், கொஞ்ச நாளில் கிழித்துவிடுவார்கள், அவ்வளவுதான் என்று இருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அப்பாவுக்கு வந்த அழைப்பில் உங்கள் அனுபவத்தைப் பற்றிப் பேசுங்கள் என்று மட்டும்தான் இருந்தது. பாராசூட் மடிக்கும் கொட்டகையைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இன்று மத்தியானம் டீச்சர் என்னைக் கூப்பிட்டுப் பெரிய பதாகை ஒன்றை மேசைமேல் விரித்துக் காட்டினார். இரண்டு கை அகலம். நடுவில் முஸ்தஃபா மாமா வானத்திலிருந்து இறங்குகிறார், கீழே அப்பாவின் பெயர், கார்ப்பரல் கார்த்திகேசு, அதற்கும் கீழே இருநூறு குதிப்புகள் என்று சிவப்பு எழுத்தில் மலாயில் போட்டிருக்கிறது. நாளைக் காலை ஏழு மணிக்கு, பேருந்து நிற்கும் இடத்துக்கு எதிரே பள்ளி வேலியில் கட்டப்போகிறார்கள். டீச்சருக்கு என்னைவிட சந்தோஷம், இப்படி ஒரு அப்பா இருப்பதற்கு நீ பெருமைப்பட வேண்டும் என்று என் தலையைத் தடவினார். நான் ‘தெரிமா காசே டீச்சர்’ என்று நன்றி மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அப்பா எட்டு மணிக்கு மீன் வாங்கிக்கொண்டு அந்த வேலியை ஒட்டித்தான் திரும்பி வருவார். அண்ணே, அவர் அடிப்பார் என்று பயப்படவில்லை, அப்பா நம் இரண்டு பேரையும் அடித்ததே இல்லை. அவர் வீட்டுக்கு வந்து, அந்தப் படுக்கை விரிப்புகளைப் பிரித்துக் கயிற்றை அவிழ்த்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தொப்பியைப் பரணில் போட்டுவிட்டு, மறுபடியும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். அதுதான் எனக்குப் பயம். மூன்று வாரமாகத் திரும்பி வந்திருக்கும் மனிதரை நானே திருப்பி அனுப்பிவிடுவேனோ என்று பயம்.

ஏனென்றால் அவர் எப்படிப்பட்டவர் என்று நமக்குத் தெரியும். கடையில் ஒரு சோபா முடிந்தால் இருக்கைக்கு அடியில் ஒரு சின்னச் சீட்டில் தன் பெயரையும் தேதியையும் எழுதி உள்ளே வைத்துத்தான் தைத்து மூடுவார், நீங்கள் அந்தச் சீட்டை வெட்டிக் கொடுப்பீர்கள், நான் பசை தொட்டு விரலை நக்குவேன். ஊசிகளை எண்ணாமல் கடையைப் பூட்டவே மாட்டார். அந்தப் பெண்பார்த்த வீட்டு சோபா ஞாபகம் இருக்கிறதா? கொண்டுபோய் இறக்கிய பிறகு ஒரு ஊசி குறைகிறது என்று, மாப்பிள்ளை வீட்டார் பலகாரத் தட்டோடு வந்து உட்காரப் போகிற நேரத்தில், அவர்கள் ஹாலிலேயே சோபாவைத் தலைகீழாகக் கவிழ்த்து முழுவதையும் பிரித்தாரே. பெண்ணின் அப்பா, “அண்ணே, ஒரு ஊசிக்கா இந்தப் பாடு?” என்று அழாத குறையாகக் கேட்க, “ஒங்க சம்பந்தி ஒக்காந்து எந்திரிக்கும்போது கேளுங்க” என்று அப்பா சொன்னார். கடைசியில் ஊசி அப்பாவின் சட்டைக் காலரிலேயே குத்தியிருந்தது, கண்டுபிடித்தது அம்மா. அந்த மாப்பிள்ளை வீட்டார் சிரித்த சிரிப்பில் கல்யாணம் அன்றைக்கே உறுதியாகிவிட்டது என்று இப்போதும் பாசாரில் சொல்கிறார்கள்.

பள்ளி விட்டதும் என் தோழி தனுஜாவின் கைப்பேசியை வாங்கி முஸ்தஃபா மாமாவைக் கூப்பிட்டேன். அப்பா அவரையும் வியாழக்கிழமை செபராங் ஜெயாவிலிருந்து வரச் சொல்லியிருக்கிறார், வந்து பார்த்தால் வேலியில் அவரே தொங்குவார். எப்படியாவது வராமல் இருக்கச் சொல்லலாம் என்றுதான் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லி அழுதேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். “ஏம்மா, அந்த வயசுல நா எவ்ளோ அழகா இருந்தேன், ஒங்கப்பனுக்கு லாபம்தான்லா” என்றார். முகமே தெரியவில்லை மாமா, ஹெல்மெட் மறைக்கிறது என்றேன். “அப்ப எனக்கு லாபம்” என்றார். பிறகு அவர் சொல்லத் தொடங்கினார் அண்ணே, தனுஜாவின் கைப்பேசி சூடாகும்வரை சொன்னார், இதெல்லாம் உங்களுக்காவது தெரியுமா? மடிக்கும் கொட்டகையில் நீளமான மேசை இருக்குமாம், மடித்துக்கொண்டிருக்கும்போது யாராவது பேசிக் கவனம் கலைந்தால் அப்பா அதுவரை மடித்ததை முழுவதும் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவாராம். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் காலை வணக்கம் சொன்னாராம், அப்பா பதில் சொல்லாமல் எல்லாவற்றையும் பிரித்தாராம். அதிகாரி கோபமாக ஏன் என்று கேட்டாராம், அப்போது பாதி மடித்திருந்ததையும் பிரித்தாராம். மூன்றாம் நாள் அந்த அதிகாரி வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி நின்று, அப்பா முடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் வாயைத் திறந்தாராம்.

அண்ணே, இதைக் கேளுங்கள். அப்பா குதித்திருக்கிறார். மடிப்பவர்கள் அசட்டையாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக, அவர்கள் மடித்து அடுக்கி வைத்ததிலிருந்து திடீரென்று ஒன்றை உருவி, இதைக் கட்டிக்கொண்டு நீயே குதி என்பார்களாம். “பதினோரு தடவ குதிச்சிருக்கான். பதினோரு தடவையும் கத்துவான் பாரு, கீழ மாடு மேய்க்கிறவன் மாட்ட வுட்டுட்டு ஓடுவான். முருகான்னு ஆரம்பிப்பான், பாதியில பயம் தாங்காம நா ஓதுறதையும் சேத்து ஓதுவான். எறங்குனதும் வாந்தி. வாயத் தொடச்சிட்டு, நல்லா தொறந்துச்சு, கயிறு ஒண்ணும் முறுக்கலன்னு கார்டுல எழுதி கையெழுத்துப் போடுவான்” என்று மாமா சொன்னார். நான் அழுகையை மறந்து சிரித்துவிட்டேன், தனுஜா என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாள். ஏன் அப்பா இதை ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். “வாந்தி எடுத்தத எவன் புள்ளைங்ககிட்ட சொல்லுவான்?” என்றார்.

அப்புறம் அந்தக் கார்டைப் பற்றிச் சொன்னார். ஒவ்வொரு பாராசூட்டோடும் ஒரு கார்டு இருக்குமாம், யார் மடித்தார்களோ அவர்தான் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஒரு தடவை விமானம் காத்துக்கொண்டிருக்கிறது, பத்து பாராசூட்டுக்குக் கார்டில் கையெழுத்து இல்லை, மடித்தவர் காய்ச்சலில் மருத்துவமனைக்குப் போய்விட்டார். மேலே உள்ளவர் அப்பாவைக் கூப்பிட்டு நீ போடு என்றாராம். நான் மடிக்காததற்கு என் பெயரைப் போடமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டாராம். பத்தையும் பிரித்துப் பார்த்து மறுபடியும் மடித்து முடிக்க விமானம் மூன்று மணி நேரம் தாமதம். பிரித்துப் பார்த்தால் பத்தும் சரியாகவே இருந்ததாம், ஒரு குறையும் இல்லை. எல்லோரும் அப்பாவைத் திட்டினார்கள், தீபாவளி விடுமுறையை வெட்டிவிட்டார்கள், அந்தத் தீபாவளிக்கு முகாமில் உட்கார்ந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதினாராம். “ஆனா அன்னிலேருந்து நாங்க எல்லாம் கார்டத் திருப்பி அவன் பேரு இருக்கான்னு பாத்துட்டுத்தான் எடுப்போம்லா” என்று மாமா சொன்னார். அப்பா செய்யாத ஒன்றுக்கு அவர் பெயரை நானே இரண்டு கை அகலத்துக்குப் போட்டிருக்கிறேன். நான் என்ன செய்வது மாமா என்று கேட்டேன். என் படத்தைக் கேட்காமல் எடுத்ததற்கு ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தால் நான் மன்னித்துவிடுவேன், உன் அப்பாவின் பெயரைக் கேட்காமல் எடுத்ததற்கு நான் ஒன்றும் சொல்ல முடியாது, அதை அவரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். நிச்சயம் வருவேன், முன்வரிசையில் உட்காருவேன் என்றும் சொன்னார்.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வர பத்து நாளாவது ஆகும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், உங்களால் எனக்கு ஒரு உதவியும் செய்ய முடியாது என்று தெரியும். முதலில் உங்களை அப்பாவிடம் பேசச் சொல்லலாம் என்றுதான் தாளை எடுத்தேன், கணக்குப் பார்த்ததும் அசடாக உணர்ந்தேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை, அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால் ஒருவரிடமாவது முழுவதும் ஒளிக்காமல் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். இருநூறு தடவை குதித்தவர் யாரோ ஒருவர் அண்ணே, எந்தப் படத்திலும் வருவார். பதினோரு தடவை வாந்தி எடுத்துவிட்டுக் கார்டு எழுதியவரைத்தான் இக்மல் பார்க்க வேண்டும். காலையில் அப்பா ஐந்தரைக்கு எழுந்ததும், அவர் காலணி மாட்டும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடப் போகிறேன். பிறகு ஏழு மணிக்கு முன்னால் பள்ளிக்குப் போய் டீச்சரிடமும் சொல்லிப் பதாகையைக் கட்டாமல் நிறுத்தச் சொல்லுவேன். டீச்சர் என்ன தண்டனை கொடுத்தாலும் பரவாயில்லை. அப்பா மட்டும் அந்த விரிப்பை மடித்து வைத்துவிடாமல் இருந்தால் போதும்.

சரி அண்ணே, நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போங்கள், உங்களுக்குக் குளிர் பட்டால் முதலில் காதுதான் வலிக்கும். இரவில் ரொட்டியை மட்டும் தின்றுவிட்டுப் படுக்காதீர்கள், அம்மா அனுப்பிய சாம்பார்த் தூள் தீர்ந்திருந்தால் எழுதுங்கள், ஆனால் எனக்கு எழுதாதீர்கள், அம்மாவுக்கு எழுதுங்கள். அப்பா கடிதத்தில் ஏதாவது கேட்டிருந்தால் அதற்கு மறக்காமல் பதில் போடுங்கள், போன மாதம் நீங்கள் பதில் போடாத கேள்வியை அவர் நான்கு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர்மலை முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும், எனக்கும் நாளைக் காலை ஒரு கால் மணி நேரம் துணையிருக்கட்டும். இப்படிக்கு

கதவு தட்டுகிறது அண்ணே. அப்பா. “லோகா, வெளக்கு எரியுதே, தூங்கலல்ல? வாம்மா, இந்த விரிப்போட அந்த முனைய கொஞ்சம் புடி, ஒங்கம்மா முட்டி வலின்னு போய்ப் படுத்துட்டா. அப்படியே ஒண்ணு கேக்கணும், மைக்க புடிச்சதும் நா யாருன்னு சொல்லி ஆரம்பிக்கறது?” என்கிறார். குரலில் அவ்வளவு சந்தோஷம். இதற்கு எந்தப் பதிலைச் சொன்னாலும் நான் உண்மையைச் சொல்லியாக வேண்டும், காலைவரை தள்ளிப்போட முடியாது. தாளை மடிக்கப் போகிறேன். மறுபடியும் தட்டுகிறார். வர்றேன்பா என்று சொல்லிவிட்டேன்